தெளிய வைத்த தண்ணீர்

"சோப்பு போட்டியாலே, இல்ல சும்மா நீந்துனியா?"

"சும்மாதான் பெரியம்மா. சோப்பெல்லாம் போடல."

"தலையில எண்ணெய்?"

"இல்ல."

வெள்ளைத்தாய் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். காலையில் லாரி கொட்டிவிட்டுப் போன தண்ணீர், மத்தியானத்துக்குள் வண்டலெல்லாம் அடியில் படிந்து ஓரளவு தெளிந்திருந்தது. இப்போது மறுபடியும் கலங்கி, ஆறிப்போன டீ மாதிரிக் கிடந்தது. பக்கத்தில் இசக்கிராஜா ஈர டவுசரோடு, கைகளால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு நின்றான். கோவில்பட்டிக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பையன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நின்றான்.

இடைசெவலுக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் லாரித் தண்ணீருக்கென்று ஒரு முறை இருந்தது. வந்ததும் யாரும் மொள்ளக் கூடாது. தொட்டியைச் சுற்றிக் குடங்களை வரிசை வைத்துவிட்டுக் காட்டுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போய்விட வேண்டும். பொழுது சாய்ந்து தண்ணீர் தெளிந்தபிறகுதான் பங்கு. அதுவரை தொட்டிக்குக் காவல் கிடையாது. காவல் வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

அந்த மத்தியானத்தைத்தான் இசக்கிராஜா எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் பல்கலைக்கழக நீச்சல் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். இருபத்தைந்து மீட்டர் நீச்சல் குளம், ஒலிம்பிக் குளத்தில் பாதி. போன தடவை அங்கே போனபோது பயிற்சியாளர் அவன் நீச்சலைப் பார்த்து வாய் பிளந்தார், அவன் திரும்புவதைப் பார்த்துச் சிரித்தார். ஊர்க் கிணற்றில் நீந்திப் பழகியவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். சுவரைத் தொட்டதும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு வாங்கினான். சின்னக் குளத்தில் பாதிப் பந்தயம் சுவரில்தான் இருக்கிறது, குட்டிக்கரணம் போட்டுக் காலால் உதைத்துக் கிளம்ப வேண்டும், அதைப் பழகிவிட்டு வந்தால் இடம் உண்டு என்று அவர் சொல்லியனுப்பினார். எங்கே போய்ப் பழக? அந்தக் கோடையில் ஊரில் இருந்த கிணறுகளின் அடியில் ஆடுகள் படுத்திருந்தன.

அவனிடம் ஒரு கனவும் இருந்தது. சின்னக் குளத்தில் நடக்கும் உலக நீச்சல் போட்டியின் கதை முழுக்க அவனுக்கு மனப்பாடம். தொண்ணூற்று மூன்றில் முதன்முதலாக ஸ்பெயின் நாட்டுத் தீவு ஒன்றில் நடந்தது. அடுத்தது ரியோவில், கடற்கரை மணலின் மேலேயே ஒரு குளத்தைக் கட்டி நிறுத்தி நடத்தினார்கள். அதற்கடுத்து ஸ்வீடனில், பனிக்கட்டியில் சறுக்கி விளையாடும் அரங்குக்குள் குளம் வைத்தார்கள். போன மாதம் ஹாங்காங்கில் நடந்து முடிந்தது. பழைய பத்திரிகைகளைத் தேடித் தேடிப் படித்தவன் இதையெல்லாம் டீக்கடையில் சொன்னபோது, மணலில் குளம் கட்டினார்களாம் என்று ஒரு வாரம் சிரித்தார்கள். அவனுக்கு அது சிரிப்பாகப் படவில்லை. மணலிலும் பனியிலும் குளம் வந்து நிற்குமென்றால் கரிசலில் ஏன் நிற்காது? நான்கு கை வீசினால் எதிர்ச்சுவர் வந்துவிடும் அந்த நீளத் தொட்டி, திரும்பிப் பழகுவதற்கென்றே கட்டியதுபோல அவன் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது.

இறங்கினான். எத்தனையோ தடவை தலை சுவரில் இடித்தது. பிறகு ஒரு கணத்தில் உடம்பு தானாகச் சுருண்டு, கால் சுவரை மிதித்து, அவன் அம்பாகக் கிளம்பினான். அந்தச் சந்தோஷத்தில் கிணற்றில் எப்போதும் நடப்பது நடந்துவிட்டது. தண்ணீருக்குள் சிறுநீர் பிரிந்தது. அவன் நினைத்துச் செய்யவில்லை. நிறுத்தவும் இல்லை.

வரிசையில் தன் குடம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்த வெள்ளைத்தாய்தான் அவனைக் கண்டாள். கொஞ்ச நேரத்தில் தெருவே வந்துவிட்டது. தொட்டியைத் திறந்துவிட வேண்டும் என்றார்கள் சிலர். அடுத்த லாரி அடுத்த வாரம்தான், அதுவரை எதைக் குடிப்பது என்றார்கள் மற்றவர்கள். அவன் அம்மா பாலம்மாள் அவனை அடிக்கவில்லை. ஒவ்வொருத்தியிடமாகப் போய், புத்தி கெட்ட பிள்ளை, பொறுத்துக்கிடுங்க என்று கும்பிட்டுக்கொண்டே வந்தாள். அவளைவிட வயதில் சிறியவர்களையும் கும்பிட்டாள்.

கடைசியில் ஊர் இளகிவிட்டது. மறுபடி தெளியட்டும், கொதிக்க வைத்துக் குடிப்போம் என்று முடிவாயிற்று.

"ஒலகப் போட்டித் தண்ணிட்டி. குடிச்சா நாமளும் கப்பு வாங்கலாம்" என்றாள் வெள்ளைத்தாய். எல்லோரும் சிரித்தார்கள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். மீதியையும் சொல்லிவிட்டால் தண்ணீர் தரையில் போகும், ஒரு வாரம் ஊர் தவிக்கும், அம்மா இனி யார் முகத்தில் விழிப்பாள்? சொல்லாவிட்டால் அத்தனை வீட்டு அடுப்பிலும் அது கொதிக்கும். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டு, சாய்ந்து கிடந்த குடமொன்றை வரிசையில் நிமிர்த்தி வைத்தான்.

பொழுது சாய்ந்து, கலங்கல் மறுபடி அடங்கியது. குடங்கள் நிறைந்தன. பாலம்மாள் கடைசி ஆளாக நின்று மொண்டுகொண்டு, அவனைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.

வள்ளித்தாய் மட்டும் இடுப்பில் கைப்பிள்ளையோடு அவனிடம் வந்தாள். பெரியப்பா மகனின் பெண்சாதி, அவனுக்கு மைனி. தாய்ப்பால் பத்தாததால் பிள்ளைக்குப் பால் பவுடர்தான் கரைத்துக் கொடுக்கிறாள். அவனைக் கண்டால் கேலி பேசாமல் போக மாட்டாள். இன்றைக்கு அவள் முகத்தில் கேலி இல்லை. குடத்திலிருந்து ஒரு டம்ளர் சாய்த்து அவன் முன்னால் நீட்டினாள். தண்ணீர் நன்றாகத்தான் தெளிந்திருந்தது. டம்ளரின் அடி தெரிந்தது.

"ஊரு ஆயிரம் பேசட்டும், தண்ணியில வேற ஒண்ணும் சேரலன்னு எனக்கு ஓம்ம மேல நம்பிக்கை இருக்கு கொழுந்தனாரே" என்றாள். "நீரு ஒரு வாய் குடிச்சிட்டுத் தாரும். பிள்ளைக்குக் கரைக்கணும்."