கள்ளி வீட்டுக்கு எதிர் வீடு

மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, உப்பளம் போகிற ரோட்டில் நேராக வந்து, கறிக்கடையை ஒட்டிய தெருவில் திரும்பினால் கள்ளி வீடு. அதற்கு எதிர் வீடு என்னுடையது.

இப்படிச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஜன்னலடியில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். தெருவுக்கே என் வீடுதான் அடையாளம். பத்திரிகை வைக்க வருகிறவர்களும் சிலிண்டர் போடுகிறவனும் 'டெய்லர் தனகோடி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி' என்றுதான் பேசுவார்கள். போன தை மாதம் ஒரு கொரியர்காரன் போனில் வழி கேட்டான். டெய்லர் வீடு என்றேன். எந்த டெய்லர் என்றான். மூன்று தரம் சொல்லியும் பிடிபடவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், "கள்ளி வீட்டுக்கு எதிர்ல" என்றேன்.

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாக்கா?" என்று போனை வைத்துவிட்டான்.

கள்ளி வீட்டுக்காரி சுலோசனா. ஆரோவிலில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. கொரோனா ஓய்ந்த வருஷம், அங்கே தோட்டத்தில் வெட்டிப் போட்டிருந்த தூண் கள்ளியில் ஒரு முழத் துண்டைப் பழைய தலையணை உறையில் சுற்றி, ஸ்கூட்டியில் காலடியில் நிறுத்திக் கொண்டுவந்தாள்.

"இன்னாடி சுலோ, சுடுகாட்டு வேலிக்குப் போறத வாசலுக்குக் கொண்டாற?" என்று கேட்டேன்.

"இது சப்பாத்திக்கள்ளி இல்லக்கா. தூண் மாரி நேரா போவும். வாசல்ல முள்ளு இருந்தா கண்ணு அண்டாது."

"பால் வடியும்டி. பிள்ளைங்க கண்ணுல பட்டா போச்சு."

அவள் நகத்தால் கீறிக் காட்டினாள். பால் வரவில்லை. வெறும் தண்ணீர்தான் கசிந்தது. அன்றைக்கே அந்தச் செடியை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

கொண்டுவந்ததை உடனே நட்டாளா என்றால் அதுவும் இல்லை. வெட்டுவாய் காயாமல் நட்டால் அழுகிவிடுமாம். பதினைந்து நாள் நிழலில், பிள்ளைபெற்றவளைப் போலப் படுக்கவைத்திருந்தாள். பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் கிணற்றுக்குப் போடுகிற வட்டச் சிமென்ட் உறை ஒன்றை இறக்கி, ஆரோவில் செம்மண்ணும் பொடிஜல்லியும் கலந்து நிரப்பி, நடுவில் நட்டாள். பதினைந்து நாளைக்கு ஒரு தரம்தான் தண்ணீர். மழை வந்தால் உறையைத் தார்ப்பாய் போட்டு மூடுவாள். உப்பளக் காற்றில் அதன்மேல் படிகிற தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுவாள். புருஷன் முதுகைத் தேய்த்துவிட அவளுக்கு நேரம் இருக்காது, இதற்கு இருக்கும். ஒரு கார்த்திகையில் புயல் வந்தபோது என் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பறந்து போனது. அவள் பட்டுப்புடவையை எடுத்து வந்து கள்ளியை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அது விழட்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. விழுந்தால் எந்தப் பக்கம் விழும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழவில்லை. என் ஜன்னலுக்கு ஒன்பது குறுக்குக் கம்பி. நான் உட்கார்ந்து பார்த்தால் அது முதல் வருஷம் இரண்டாவது கம்பி, மூன்றாம் வருஷம் ஆறாவது கம்பி. போன வருஷம் கம்பியெல்லாம் தாண்டி, அதன் தலையைப் பார்க்க நான் குனிய வேண்டியதாயிற்று. பச்சைப் பசேலென்று, இஸ்திரி போட்ட மடிப்பு மாதிரி எட்டு விளிம்பு. ஈசிஆரிலிருந்து வழி தப்பி வருகிற புதுச்சேரி வண்டிக்காரர்கள் இறங்கி போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பின்னால் என் வீடும் விழும் அல்லவா, அதற்காகவே நான் ஜன்னல் திரையை மாற்றினேன். ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த வருஷம் பங்குனியில்தான் அது நடந்தது. எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் புதுக் குழாய் வைத்தார்கள். சுலோசனா வீட்டுக் குழாய் கள்ளிக்கு ஒரு எட்டுத் தூரத்தில் வந்தது. அவள் புருஷன் கலியமூர்த்தி உப்பளத்தில் வேலை செய்கிறவன். விடிவதற்கு முன்னாலேயே போய், வெயில் ஏறியதும் பத்து பத்தரைக்குத் திரும்புவான். முழங்கால் வரை உப்புச் சேறு, கையில் உப்பு வாருகிற பலகை. முன்பெல்லாம் பின்பக்கம் போய்க் கழுவுவான். குழாய் வந்ததிலிருந்து வாசலிலேயே நின்று, ஒரு காலைத் தூக்கி உறையின் விளிம்பில் வைத்துக்கொண்டு கழுவினான். அப்புறம் பலகையையும் அதன் மேலேயே சாய்த்துக் கழுவினான். எல்லாத் தண்ணீரும் கள்ளியின் அடியில் இறங்கியது.

மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன்: "இன்னாப்பா கலியமூர்த்தி, கள்ளிக்கு அபிஷேகமா?"

"வெயில் கொளுத்துதுக்கா. அவ மாசத்துக்கு ரெண்டு சொம்பு ஊத்துறா. வாயில்லா ஜீவன், பாவம்."

"உப்புத் தண்ணி இல்ல அது?"

"உப்பள வரப்புல உமரி வளரலையா? முள்ளுச் செடிக்கு இன்னா ஆயிடும்?" என்றவன், குரலை இறக்கி, "அவகிட்ட சொல்லிடாதீங்கக்கா. கத்துவா" என்றான்.

உமரி உப்பிலேயே பிறந்த பூண்டு. இதுவும் அதுவும் ஒன்றா? என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது இதே மாதிரி கால் கழுவிக் கழுவித்தான் என் கறிவேப்பிலைச் செடி கருகியது. எனக்குத் தெரியும். அந்த நிமிஷமே தெரியும்.

நான் யார் என்று இந்தத் தெருவைக் கேளுங்கள். என்னிடம் சொன்ன ரகசியம் பொழுது சாய்வதற்குள் கறிக்கடை வரை போய்விடும். பக்கத்து வீட்டு ஹசீனாவின் புருஷன் தௌபீக் துபாயில் வேலை மாறியது ஹசீனாவுக்கே நான் சொல்லித்தான் தெரியும். அப்படிப்பட்டவள், கலியமூர்த்தி சொன்னதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். கேட்டால் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சுலோசனாவுக்கு லீவு. அன்றைக்கு மட்டும் கலியமூர்த்தி சமர்த்தாகப் பின்பக்கம் போய்விடுவான். மற்ற ஆறு நாளும் பத்தே காலுக்கு உப்பு அபிஷேகம். நான் தினமும் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே பார்த்தேன். சித்திரை போயிற்று. வைகாசியில் அடி வெளுத்தது. ஆனியில் ஒரு சாண் உயரத்துக்கு மஞ்சளாகி, தொட்டால் கொழகொழவென்று ஆயிற்று. எனக்குச் சாப்பாட்டில் இரண்டு கவளம் கூடியது.

"கண்ணு பட்டுடுச்சு" என்றாள் சுலோசனா, தெருவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி.

கண் அண்டக்கூடாது என்று வைத்த கள்ளிக்கே கண் பட்டுவிட்டதாம். யார் கண்? ஹசீனா அதைப் பார்க்கும்போதெல்லாம் "மாஷா அல்லாஹ்" சொல்லிவிடுவாள், ஆக அவள் கண் கணக்கில் வராது. மற்றவர்கள் போகிறபோக்கில் பார்ப்பவர்கள். நாளெல்லாம் உட்கார்ந்து பார்ப்பது யார் என்று சுலோசனா சொல்லவில்லை. மறுநாள் நாக்கைத் தொங்கப்போட்ட ஒரு பூத முகத்தை வாங்கிவந்து கள்ளியில் கட்டினாள். ரோட்டைப் பார்த்துக் கட்டினால் நியாயம். கழுத்தைத் திருப்பி, நேராக என் மிஷினைப் பார்க்கக் கட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணப்பெண் ஜாக்கெட் தைத்தேன். கை ஏறுமாறாக வந்துவிட்டது, பிரித்துத் தைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கதவைத் தட்டினாள். கையில் ஒரு சின்னக் காரைச் சில்லு. உறையிலிருந்து பெயர்த்தது. அதன்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"நக்கிப் பாரு."

"இன்னாடி இது?"

"உப்பு. உறை பூரா உப்பு. நான் இல்லாத நேரத்துல யாரோ கரைச்சு ஊத்தியிருக்காங்க." அக்கா என்கிற வார்த்தை அவள் வாயிலிருந்து காணாமல் போயிருந்தது. "பகல்ல இந்த வாசலப் பாத்தமேனிக்கு இருக்கறது நீதான். ஒண்ணு நீ ஊத்தியிருக்கணும், இல்ல யார் ஊத்துனான்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

ஹசீனா தன் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தாள். கறிக்கடைக்கு வந்த நாலு பேர் நின்றார்கள். "யாரு, டெய்லரம்மாவா? பச்சச் செடிக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கள்ளி செத்தால் என் வீடு பழையபடி தெருவுக்கு அடையாளம் ஆகும் என்று மூன்று மாதமாகக் கனவு கண்டேனே, ஆகும்தான். 'கள்ளிய உப்பு ஊத்திக் கொன்னாளே, அவ வீட்டுக்கு நாலு வீடு தள்ளி.' கொரியர்காரனுக்குக்கூட ஒரே தரத்தில் பிடிபடும்.

"நாளைக்கு லீவு போடு" என்றேன். "வூட்ல சொல்லாத, வேலைக்குப் போற மாரி கெளம்பி, பத்து மணிக்கு என் ஜன்னல்ல வந்து ஒக்காரு. ஹசீனா, நீயும் வா."

திங்கட்கிழமை மூன்று பேரும் ஜன்னலடியில் உட்கார்ந்தோம். திரையைப் பாதி இழுத்துவிட்டேன். சுலோசனா தன் கள்ளியைப் பார்த்தாள். அடியில் அழுகியிருந்தாலும் மேலே ஆறேழு அடி இன்னும் பச்சை.

"இங்கருந்து பாத்தா முழுசா தெரியுதே" என்றாள். "எனக்கு என் வூட்ல இருந்து முதுகுதான் தெரியும்."

அவள் குரலில் இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அது என்னிடம் ஐந்து வருஷமாக இருக்கிற சாமான். ஐந்து வருஷமாக அவள் வளர்த்தாள், பார்த்தது நான். இதை அவள் அன்றுதான் கண்டுபிடித்தாள்.

பத்து இருபதுக்குக் கலியமூர்த்தி வந்தான். பலகையைச் சாய்த்து வைத்தான். குழாயைத் திறந்தான். வலது காலைத் தூக்கி உறைமேல் வைத்து, விரலிடுக்கெல்லாம் நிதானமாகக் கழுவினான். பிறகு இடது கால். பிறகு பலகை. முடித்ததும் கள்ளியைப் பார்த்து, "குடி, குடி. இன்னா மஞ்சளாயிட்ட? தண்ணி பத்தலையா?" என்று ஒரு வாளித் தண்ணீரையும் பிடித்துக் கவிழ்த்தான்.

ஹசீனா வாயைப் பொத்திக்கொண்டு, "யா அல்லாஹ்" என்றாள்.

சுலோசனா எழுந்து போனாள். உறையில் தேங்கியிருந்த தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"யோவ், எத்தினி நாளாய்யா?"

"எது?"

"இது!"

"குழாய் வந்ததுல இருந்து. வெயிலுக்குப் பாவமேன்னு... தனகோடிக்காவக் கேளு, அவங்களுக்குத் தெரியும்."

வாயில்லா ஜீவனுக்கு இரங்கினவனுக்குத் தன் வாயை அடக்கத் தெரியவில்லை. சுலோசனா திரும்பி என் ஜன்னலைப் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நீ மூணு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தியா?" என்றாள். "நீயா?"

நான் மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தேன், ஊசியில் நூல்கூட இல்லை. ஹசீனா மெதுவாக எழுந்து, "ரொட்டி போடணும்" என்று கிளம்பிவிட்டாள்.

சுலோசனா ஆரோவில் தோட்டக்காரர் வெற்றிச்செல்வனுக்குப் போன் போட்டாள். அழுகலை விட்டு நன்றாக மேலே வெட்டச் சொன்னாராம். வெட்டின இடம் சுத்தப் பச்சையாக இருக்கவேண்டும், பழுப்பு வட்டம் தெரிந்தால் இன்னும் மேலே வெட்டவேண்டும். கலியமூர்த்தி கோணிச் சாக்கைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, அவள் ரம்பத்தால் அறுத்தாள். இரண்டு தரம் பழுப்பு தெரிந்தது. மூன்றாவது தரம்தான் வெள்ளரிக்காய் மாதிரி வந்தது. தலைப் பக்கம் மூன்றடி அவளுக்கு. நடுவில் ஒரு துண்டு மிஞ்சியது.

அதைச் சாக்கோடு கொண்டுவந்து என் வாசலில் வைத்தாள்.

"எனக்கு எதுக்குடி?"

"வச்சு வளத்துக்க. உன் கண்ணு உன் செடி மேலயே இருக்கட்டும். பதினஞ்சு நாள் காயவை. உப்புப் படாத மண்ணு போடு. தண்ணி ஊத்துறேன்னு கொன்னுடாத." ஒரு அடி போய்த் திரும்பி, "கொன்னா எனக்குத் தெரியும். இப்ப எனக்கும் பாக்கத் தெரியும்" என்றாள்.

இதெல்லாம் ஆனியில். இப்போது மார்கழி பிறந்துவிட்டது. பதினைந்து நாள் என்றாள், நான் இருபது நாள் காயவைத்தேன். செம்மண் வாங்க ஆரோவில் பக்கம் இடையஞ்சாவடி வரைக்கும் ஆட்டோவில் போய்வந்தேன். எங்கே வாங்கினேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. தொட்டியை வாரம் ஒரு தரம் கொஞ்சம் திருப்பிவைக்கிறேன், இல்லாவிட்டால் வெளிச்சம் தேடி அவள் வீட்டுப் பக்கமே சாய்கிறது. என் கையில் வளர்ந்தும் அதற்கு அந்த வாசல்தான் கேட்கிறது.

அவளுடைய தலைத்துண்டு பிழைத்து, நேராக இரண்டு விரல் உயர்ந்திருக்கிறது. அவ்வளவுதான். என்னுடைய நடுத்துண்டுக்குத் தலை இல்லாததால் பக்கத்தில் வெடித்து, மூன்று கிளை விட்டிருக்கிறது. மூன்று. நேற்று சாயங்காலம் சுலோசனா வேலை விட்டு வந்தவள், ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தன் கேட்டருகில் நின்று என் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காஜா எடுக்கிற பாவனையில் எண்ணினேன். நாலு நிமிஷம். மாஷா அல்லாஹ் எல்லாம் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலை எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் அவள் வீட்டுக்குப் போனேன்.

"சுலோ, அந்த பூத மொகம் சும்மாதான கெடக்குது? குடு."

"எதுக்குக்கா?"

"தெருவுல கண்ணு சரியில்ல" என்றேன்.

முறைத்தாள். உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தாள். கட்டுகிறதற்குக் கயிறும் அவளே கொடுத்தாள். எந்தப் பக்கம் பார்க்கக் கட்டுகிறேன் என்று பார்க்க வாசலிலேயே நின்றாள்.