பெண்கள் அறை வாசலில் ஒரு வைஃபை பெட்டி

1

“அதை எழுதிக் கொடுங்க சார்.”

இந்த வரிதான் முதலில் வந்தது, கதை பிறகு. வாடிக்கையாளரிடம் இப்படிக் கேட்கவே கூடாது என்று யாழினி வேலையில் சேர்ந்த அன்றே திருச்சி தில்லைநகரில் கடை வைத்திருக்கும் அவள் முதலாளி ராஜ்மோகன் சொல்லியிருந்தார். “வாயால சொன்னா செஞ்சு குடுத்துட்டு வா. எழுதிக் கேட்டா அடுத்த வேலை நமக்கு வராது.”

யாழினி அலுவலகங்களுக்கு வைஃபை பெட்டி மாட்டுகிறவள். ஆக்சஸ் பாயிண்ட் என்பார்கள். கூரையில் வெள்ளைத் தட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். முசிறியில் வாழைத்தார் ஏற்றி இறக்குகிற வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. (யாழினி நான்தானா என்று கேட்காதீர்கள். ஆண் எழுதினால் யாரும் கேட்பதில்லை.)

2

பஸ் காவிரிப் பாலத்தின்மேல் ஏறியதும் ஜன்னல் வழியே வந்த காற்று அவள்—

வேண்டாம். அந்தக் காற்றை எல்லாரும் எழுதியாயிற்று. நேராக ஸ்ரீரங்கம், அம்மா மண்டபம் சாலை, மாடியில் ஓர் அலுவலகம். காப்பீட்டுப் படிவங்களைக் கணினியில் ஏற்றுகிற பெண்கள். மேலாளர் சுப்புராமன்.

பெட்டியின் நல்ல குணங்களைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரமும் இணையமும் ஒரே கேபிளில் வரும். விருந்தினருக்குத் தனி இணைப்பு. அதிலிருந்து ஆபீஸ் கோப்புகளைத் தொட முடியாது. ஒருவரே வேகத்தை முழுக்க உறிஞ்சாமல் அளவு வைக்கலாம். பேசிக்கொண்டே நடந்தால் ஒரு பெட்டி அடுத்ததிடம் போனை ஒப்படைக்கும், பேச்சு அறுந்துபோகாது. அதற்கு, எந்த போன் எந்தப் பெட்டியிடம் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்ததைக் குறித்தும் வைக்கும்.*

* எது பழுதானது என்று தேட வசதியாக, மாட்டுகிறவர்கள் பெட்டிக்கு அந்த இடத்தின் பெயரையே வைப்பது தொழில் வழக்கம். ‘வரவேற்பு’, ‘கணக்கு’, ‘பெண்கள் அறை’. யாழினியும் அப்படித்தான் வைத்தாள். பழைய கட்டடம், தடித்த சுவர். பெண்கள் அறைப் பக்கம் சிக்னலே இல்லை என்று அங்கே ஒரு பெட்டியைப் பெண்கள்தான் கேட்டு வாங்கினார்கள்.

3

சுப்புராமனை முதலில் வில்லனாக எழுதினேன். (மீசைகூட வைத்தேன்.) அடித்துவிட்டேன். அவர் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் யாழினியின் லேப்டாப்பைக் காட்டிப் பேசினார்.

“பிரமாதம்மா. இதுல ‘பெண்கள் அறை’ன்னு வருது பாரு, யார் எவ்வளவு நேரம்னு. அதை வாராவாரம் எனக்கு மெயில்ல வர்ற மாதிரி பண்ணிடு. அந்த சகாயராணி அரைமணி அரைமணியா உள்ள என்ன பண்றா?”

“குழந்தை பெத்துட்டு வந்திருக்காங்க சார். என்ன பண்றாங்கன்னு உங்க வீட்ல கேட்டா சொல்லுவாங்க.”

(பால் கட்டிக்கொள்ளும். பீச்சிவிட அங்கே வேறு இடம் கிடையாது. யாழினி பெட்டி மாட்டியபோது கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற சகாயராணியே சொன்னது.)

“அதெல்லாம் எனக்கெதுக்கு? வேலையை விட்டு நிறுத்தணும்னா கையில ஒரு ஆதாரம் வேணுமில்லையா?”

அப்போதுதான் யாழினி அந்த முதல் வரியைச் சொன்னாள்.

“எதை எழுதணும்?”

“இப்ப சொன்னீங்கள்ல, அதையேதான். பெண்கள் அறையில யார் எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியணும்னு. கையெழுத்தோட.”

சுப்புராமன் சிரித்தார். “ராஜ்மோகன் உன்னை இப்படியா பழக்கி வெச்சிருக்கார்?” போனை ஸ்பீக்கரில் போட்டார்.

முதலாளியின் குரல் களைப்பாக வந்தது. “செஞ்சு குடுத்துட்டு வாம்மா. இல்லேன்னா நாளைக்கு இங்க வராத.”

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

செய்து கொடுத்துவிட்டு பஸ்ஸில் அழுதாள். (அழுகிறவளுக்கு எல்லாரும் இரங்குவார்கள். சகாயராணிக்கு வேலை போயிருக்கும்.)

பெட்டியின் பெயரை மாற்றிவிட்டு வந்தாள். (அடுத்து வருகிறவர் திருப்பி வைப்பார்.)

பெண்கள் எல்லாரும் ஒன்றாக எழுந்து— (சினிமா.)

யாழினி எனக்காகக் காத்திருக்கவில்லை. லேப்டாப்பை மூடிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“சகாயராணி அக்கா,” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. “உள்ள எவ்வளவு நேரம் இருக்கீங்கன்னு இந்தப் பெட்டி உங்க போனை வெச்சுச் சொல்லிடும். உங்களை நிறுத்துறதுக்கு சார் அதைக் கேக்குறார். நான் போட்டுக் குடுக்கல. இன்னொருத்தர் வந்து போடுவாங்க. போனை மேஜையிலயே வெச்சுட்டுப் போங்க.”

விசைப்பலகைச் சத்தம் நின்றது.

“ஏய், வெளிய போ!”

“போயிட்டுத்தான் சார் இருக்கேன்.”

சகாயராணி போனைக் கையில் எடுத்தாள். பிறகு எங்கே வைத்தாள், மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அங்கே இன்னும் பல மேஜைகள் இருக்கின்றன. ஒன்றில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். யாழினி அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.