கன்னத்தில் எடுத்த உதடு

ராமலிங்கத்துக்கு இப்போது இருக்கிற கீழுதடு அவர் பிறந்தபோது கொண்டுவந்ததல்ல. தங்கவயல் ராபர்ட்சன்பேட்டை பஜாரில் பாத்திரக் கடை. கல்லாவில் உட்கார்ந்தபடி வருஷக்கணக்கில் புகையிலை அடக்கிய இடத்தில் புண் வந்தது. சூட்டுப் புண்தான் என்று வெண்ணெய் தடவித் தடவியே காலத்தைத் தொலைத்தார், பாவி மனுஷன். கடைசியில் பெங்களூர் டாக்டர் புற்றுநோய் என்று முக்கால் உதட்டை வெட்டி எடுத்துவிட்டு, கன்னத்துச் சதையை இழுத்துத் தைத்து உதடு செய்துகொடுத்தார்.

"உயிருக்குப் பயமில்லம்மா. ஆனா இந்த உதட்டுல உணர்ச்சி இருக்காது. உள்பக்கம் எச்சிலைத் தாங்கற பள்ளமும் இல்லாம போயிடுச்சு. வழிஞ்சா அவருக்கே தெரியாது. கொஞ்ச நாள் போகட்டும், இன்னொரு ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம்" என்று டாக்டர் ராமலிங்கத்தின் மனைவி சகுந்தலாவிடம் சொன்னார்.

அந்தக் கொஞ்ச நாளுக்குள் மகள் மேகனாவின் கல்யாணம் வந்துவிட்டது. மனுஷனுக்கு ஒரே ஆசைதான். மணையில் உட்கார்ந்து, மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அதற்காகவே காலையும் மாலையும் கண்ணாடி முன் நின்றார். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் கொடுத்து, தையலில் சுருங்கிப்போன வாயை அகட்டுவார். பிறகு உதட்டை மூடி மூடிப் பார்ப்பார். இரண்டு உதடும் ஒட்டாமல் 'மேகனா' என்கிற பேரே வாயில் வராது. விடமாட்டார், திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார்.

பத்திரிகை கொடுத்து முடித்த சமயம் அவருடைய அண்ணன் பெருமாள் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"தாரை வார்க்க என்னையும் உன் அண்ணியையும் உக்காரச் சொல்றாங்கோப்பா. மாப்ள வூட்ல."

ராமலிங்கம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். சகுந்தலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெத்தவரு குத்துக்கல்லாட்டம் கீறப்ப இன்னாத்துக்கு இன்னொருத்தரு? நோவு வந்தா மனுஷன் இல்லன்னு ஆயிடுமா?"

மறுநாளே மாப்பிள்ளை வீட்டுக்குக் கோலார் பஸ் ஏறினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவது என்றுதான் போனாள்.

அவள் கேட்டதும், காப்பித் தம்ளரை நீட்டிய கையோடு சம்பந்தியம்மா மங்களம் திகைத்துப் போனாள்.

"ஐயோ, நாங்க எங்க சொன்னோம்? உங்க மேகனாதான் போன் பண்ணிச்சு. பெங்களூர்லேர்ந்து ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸெல்லாம் வராங்களாம், வீடியோ எடுப்பாங்களாம், அப்பாவுக்கு வாய்ல வழிஞ்சிகினே இருக்குமேன்னு அழுதுச்சு. பெரியப்பாவை உக்கார வெக்கிறேன், உங்க பேரைச் சொல்லிக்கட்டுமா அத்தைன்னு கேட்டுச்சு. நான் இன்னா சொல்லுவேன் சம்பந்தி? சரி கண்ணுன்னேன்."

சகுந்தலாவால் நம்ப முடியவில்லை. மேகனாவா? ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலடியில் பாய் விரித்துக் கிடந்தவளாச்சே! குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றியதும், முகம் சுளிக்காமல் எச்சில் துடைத்ததும் அவள்தானே! கோபப்படவும் முடியவில்லை, மன்னிக்கவும் மனசு வரவில்லை. காப்பியைத் தொடாமல் கிளம்பியவள், பஸ்ஸில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

ராமலிங்கம் வாசலிலேயே காத்திருந்தார்.

"அவங்கதான் சொன்னாங்களா?"

அவர் குழறுவது அவளுக்கு மட்டும்தான் முழுசாகப் புரியும்.

"ஆமாங்க. அவங்கதான்" என்றாள். பெற்ற வயிறு அப்படிச் சொல்ல வைத்தது.

"சண்டை கிண்டை போட்டுட்டு வந்தியா? வேணாம் சகுந்தலா. பொண்ணு வாழப்போற வூடு."

துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். கண்ணைத் துடைக்கவில்லை.

"மேகனாவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. எங்கப்பாவை எப்படி ஒதுக்கலாம்னு கல்யாணத்தையே நிறுத்திப்புடுவா. நானே உக்கார மாட்டேன்னுட்டேன்னு சொல்லிடு."