இருபது என்று எழுதப்பட்ட மூச்சு

1

இந்தக் கதை எனக்கு நேர்வழியில் கிடைக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பித்தப்பைக் கல்லை எடுக்க நான்கு நாள் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டில்காரரின் நெஞ்சைப் பார்த்து எடுத்துக்கொண்டது.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘வெள்ளைச் சீருடையில் ஒரு தேவதையைப் போல அவள்...’

(அடித்துவிட்டேன். சீருடைப் பையில் பேனா கசிந்து நீலக்கறை இருந்தது. முதலாமாண்டு செவிலியர் மாணவி. தூக்கம் போதாத கண்கள்.)

2

இரண்டாம் நாள் காலை. என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பார்த்து முடித்து எழுதிய பிறகும் கையை விடவில்லை.

“இன்னும் என்னம்மா பாக்கற?”

“உங்க மூச்சை எண்ணினேன் சார். எண்ணப் போறேன்னு சொன்னா மூச்சு மாறிடும். அதனால நாடி பாக்கற மாதிரியே கையைப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சைப் பாக்கணும். முழுசா ஒரு நிமிஷம்.”

“எவ்வளவு இருந்தா நல்லது?”

“பன்னிரண்டுலேருந்து இருபது வரைக்கும்.” பிறகு தயங்கிச் சொன்னாள். “நாளைக்கு அனாடமி, பிசியாலஜி பரீட்சை சார். ஒண்ணுமே தலையில நிக்கல.”

“சொல்லு, நான் கேக்கறேன்” என்றேன். எனக்கும் பொழுது போகவில்லை.

3

பக்கத்துக் கட்டிலில் ஒரு பூட்டுக்காரர். கடைத்தெருவில் பூட்டு பழுது பார்ப்பவர், காய்ச்சலும் இருமலுமாக வந்திருந்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி, முகத்தை என் பக்கம் திருப்பிப் பாடம் ஒப்பித்தாள்.

“வலது நுரையீரலுக்கு மூணு மடல். இடதுக்கு ரெண்டு.”

“அதுக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை?”

“இதயத்துக்கு இடம் விடணுமே சார்! மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்கும், விலா எலும்பு மேலே எழும்பும்...”

“பாப்பா... நல்லா... படிக்குது” என்றார் பூட்டுக்காரர். மூன்று சொல்லுக்கு மூன்று மூச்சு. மனிதர் நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நினைத்தேன்.

அவள் சிரித்தாள். கடிகாரத்தைப் பார்த்து நாடியை எழுதினாள். மூச்சுக்கான கட்டத்தில் இருபது என்று எழுதினாள். அவருடைய நெஞ்சை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எண்ண நேரமில்லாதபோது எல்லோருக்கும் இருபது போடுவது அந்த வார்டில் வழக்கம் என்று பிறகு தெரிந்தது.

மூச்சு எப்படி நடக்கிறது என்று பிழையில்லாமல் சொல்லிக்கொண்டே ஒரு மூச்சைத் தவறவிட்டாள். பேச்சுக் கொடுத்தவன் நான்.

4

(இந்த இடத்தில் அவளைச் சோம்பேறியாக எழுதிப் பார்த்தேன். கதை சுலபமாக நடந்தது. ஆனால் என் கட்டிலில் அவள் ஒரு நிமிடத்தை முழுதாக எண்ணினாள். அதனால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போட்டேன்.)

மதியம் பூட்டுக்காரரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நிமோனியா. வார்டு சிஸ்டர் நாடியும் மூச்சும் குறித்த அவருடைய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மாணவியையும் நிறுத்திக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“காலைல இவ எண்ணினதைப் பாத்தீங்களா?”

“எண்ணினா சிஸ்டர். நான் பாத்தேன்.”

சிஸ்டர் போன பிறகு அவள் என் கட்டில் அருகில் வந்தாள்.

“ஏன் சார் அப்படிச் சொன்னீங்க? எண்ணலன்னு நானே சொல்ல வாயெடுத்தேன். இப்போ நான் உண்மையைச் சொன்னா நீங்க பொய் சொன்னதா ஆகிடும்.”

5

நான் வீடு திரும்பிய நாளில் பூட்டுக்காரர் இறந்துபோனார். முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும் சொல்ல முடியாது, மாட்டார் என்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவருடைய பையை எடுக்க மகள் வந்தாள். “அண்ணா, நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க? அன்னைக்குக் காலைல அப்பா மூச்சு விடக் கஷ்டப்பட்டாரா?”

“நல்லாத்தாம்மா பேசிக்கிட்டிருந்தார்.”

“ஏதாவது ஞாபகம் வந்தா கூப்பிடுங்கண்ணா” என்று என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தன் போன் நம்பரை எழுதிவிட்டுப் போனாள். அதே நோட்டில், இரண்டு பக்கம் முன்னால்...

(இந்த வாக்கியத்தை ஐந்து முறை தொடங்கி விட்டுவிட்டேன்.)

6

அதே நோட்டில், இரண்டு பக்கம் முன்னால், என் கையெழுத்தில் இருக்கிறது: ‘ப.க. மூச்சு 34.’ ப.க. என்றால் பக்கத்துக் கட்டில்.

அன்று காலை மாணவி அடுத்த கட்டிலுக்குப் போனதும், கற்றுக்கொண்ட வித்தையைச் செய்து பார்க்கலாமே என்று கூரையைப் பார்ப்பது போல் பாவனை செய்து பூட்டுக்காரரின் மூச்சை எண்ணினேன். முப்பத்து நான்கு. மறுபடி எண்ணினேன், அதே எண். இருபதுதான் எல்லை என்று ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் அவள் வாயால் கேட்டிருந்தேன். கூப்பிட்டிருக்கலாம், மூன்றடி தூரத்தில்தான் நின்றாள். நான் கூப்பிடவில்லை. ஒரு கதைக்கு ஆகும் என்று குறித்து வைத்துக்கொண்டேன்.

வெட்கமாக இருக்கிறது. இதற்கு மேல் நல்ல வாக்கியம் ஒன்றும் என்னிடம் இல்லை.

7

தையல் பிரிக்கப் போனபோது அந்த மாணவியே என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு முழு நிமிடம் என் நெஞ்சைப் பார்த்துவிட்டுப் பதினாறு என்று எழுதினாள்.

“சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன் சார். எண்ணாம எழுதிட்டேன்னு. ரெண்டு மாசம் வார்டு பயிற்சியை மறுபடியும் செய்யச் சொல்லிட்டாங்க.”

“என்னைப் பத்தி?”

“கேட்டாங்க. அவர்கிட்டயே கேட்டுக்கோங்கன்னுட்டேன். அது உங்களோடது சார்.”

8

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் மகளுக்கு போன் செய்கிறேன், அவள் அழுகிறாள், மன்னிக்கிறாள். மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்வது அசிங்கமாக இருந்தது. இன்னொன்றில் போன் செய்யாமல் 34 எழுதிய அந்தப் பக்கத்தைக் கிழிக்கிறேன். அதை எழுதும்போது கை கொஞ்சமும் தயங்கவில்லை. அதனாலேயே பயந்து அடித்தேன்.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் கதையைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். முதலில் அந்த மகளுக்குச் சொல்லிவிட்டு அனுப்பினேனா, சொல்லாமலே அனுப்பினேனா? கதைக்காக மூச்சை எண்ணியவன் நான். என்ன செய்திருப்பேன் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இருபது என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.