ஊருக்கு அனுப்பும் பட்டியல்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ரப்பர் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். 1922இல் ரப்பர் விலை விழுந்து கிடந்தது. மலாயாவிலிருந்து போகும் சரக்கைக் குறைத்தால் விலை ஏறும் என்று பிரிட்டிஷ் அரசு நினைத்தது. டயருக்காக அதிகம் வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவுக்குக் கோபம். இவ்வளவும் எழுதிவிட்டு, மலாயாவின் கூலிம் ஊரில் குணவதி அம்மாவைப் பார்க்கப் போனேன். அவருடைய அப்பா பரஞ்சோதி, அந்தக் காலத்தில் செர்டாங் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக எழுத்து வேலை பார்த்தவர். அவர் மகளிடம் சொல்லிவைத்திருந்ததைக் கேட்டபின் கட்டுரை நகரவில்லை.

2

முதல் வரி இப்படி: லண்டனில் ஒரு கையெழுத்து விழுந்தபோது செர்டாங்கில் ஒரு மரம்...

(வேண்டாம். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓய்வுதான் கிடைத்தது. ஆட்களுக்குத்தான் வேலை போயிற்று.)

நடந்தது இது. தோட்டத்தில் பல மர நிரைகளில் ரப்பர் பால் எடுப்பதை நிறுத்தினார்கள். வேலையில்லாமல் மிஞ்சிய ஆட்களைத் தமிழ்நாட்டு ஊர்களுக்குக் கப்பலேற்றப் பட்டியல் தயாரானது. அதில் அம்மாசியின் பெயர் இருந்தது. அவன் மனைவி ராக்காயியின் பெயர் இல்லை. அவள் நிரையில் வேலை நடந்துகொண்டிருந்தது.

காலையில் இருவரும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள்.

"ரெண்டு பேரையும் சேத்தே அனுப்பச் சொல்லவா?" என்றார் பரஞ்சோதி.

"அங்க போனா சேந்து இருக்க முடியாதுங்கய்யா," என்றாள் ராக்காயி. "இவுக தெரு வேற, எங்க தெரு வேற. இங்க வந்துதான் கட்டிக்கிட்டோம். அங்க இவுகள உசுரோட விடமாட்டாக."

(இந்த இடத்தில் இரண்டு சாதிப் பெயர்களை எழுதி அடித்துவிட்டேன். குணவதி அம்மா சொல்லவில்லை. நானாகப் போடுவது சரியில்லை.)

பரஞ்சோதி உள்ளே போய், தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் சொன்னார். துரை தலை நிமிரவில்லை. யார் போனாலும் சரி, பட்டியலில் எண்ணிக்கை குறையக் கூடாது என்றார்.

3

முதல் வரைவில் இருளப்பன் இல்லை. அதே தோட்டத்தில் பால் வெட்டுபவர், ஐம்பது வயது, தனி ஆள். மரம் காயம்படாமல் பட்டை சீவுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் பட்டியலுக்குத் தப்பியவர். இவ்வளவு நல்ல மனிதரை உள்ளே விட்டால் கதை பொய்யாகிவிடுமோ என்று பயந்தேன். ஆனால் அவர் வந்தது நிஜம்.

"என் பேர எழுதிக்கிங்க கிராணி ஐயா."

"ஒமக்கு ஊர்ல யாரும் இல்லேன்னீரே?"

"மக இருக்கா. பாக்கணும்."

பரஞ்சோதி அதற்குமேல் கேட்கவில்லை. அம்மாசியின் பெயரை அடித்து இருளப்பனின் பெயரை எழுதினார். ராக்காயி வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், நாகப்பட்டினம் துறையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் காத்திருக்கிறாள். இன்னொன்றில் யாருமில்லை; மலாயாவுக்கு அடுத்த கப்பல் எப்போது என்று இருளப்பன் விசாரிக்கிறார். இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

ஆறு வருடத்தில் கட்டுப்பாடு நீங்கியது. அம்மாசியும் ராக்காயியும் அதே தோட்டத்தில் பிள்ளைகள் பெற்று வாழ்ந்தார்கள். இருளப்பனிடமிருந்து கடிதம் வரவில்லை. அவருக்கு எழுதத் தெரியாது என்பதால் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

குணவதி அம்மாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இருளப்பன் புறப்பட்ட அன்று அம்மாசி வண்டியோடு கூடவே ஓடிவந்து கேட்டிருக்கிறான்.

"மக பேரு என்ன மாமா?"

"போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்டா."

சொல்லிவிட்டுச் சிரித்தாராம். அது என்ன சிரிப்பு என்று நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு அது கேட்டிருந்தால், அந்தத் துறையில் யார் நின்றார்கள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.