அந்தோணியார் கோயிலில் பெருக்கிய உப்பு

மரக்காணம் உப்பளத்து ஓரமாக இருக்கும் அந்தோணியார் கோயிலில், கேட்கப்படாத ஜெபங்கள் விடிவதற்குள் உப்பாகித் தரையில் கிடக்கும். யார் எங்கே முழங்கால் போட்டார்களோ அங்கேயே கிடக்கும். கேட்கப்பட்ட ஜெபத்துக்குத் தரை சுத்தமாக இருக்கும். உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் வழியில் அதைப் பெருக்கி உப்பங்கழியில் கொட்டிவிட்டுப் போகிறவள் லூர்துமேரி.

அவள் இடத்தில் மட்டும் இரண்டு குவியல். வெள்ளையாக இருப்பது, கல்யாணமாகி ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லாத மகள் ஷாலினிக்காக. பழுப்பாக இருப்பது, பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டது; எத்தனை பெருக்கினாலும் மறுநாள் திரும்பக் கிடக்கும். பக்கத்துப் பாத்தி வசந்தா வரப்பை வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிட்டதில் இவளுடைய ஒரு பருவத்து உப்பு கரைந்துபோன அன்று, அவள் வீட்டில் சேர்வதெல்லாம் இப்படியே கரையட்டும் என்று கேட்டிருந்தாள். பிறகு வசந்தாவின் மகன் மோகனுக்கே ஷாலினி வாழ்க்கைப்பட்டாள். சம்பந்திகள் சிரித்துப் பேசினார்கள். கேட்டதைத் திருப்பி வாங்க மட்டும் லூர்துமேரிக்குத் தோன்றவில்லை.

பழுப்பைப் பார்த்த கோயில் உபதேசியார் ராஜ்கமல், "ஒருத்தர் மேல கசப்ப வச்சிக்கிட்டு முட்டி போட்டா எது மேல ஏறும்மா?" என்றார். பாத்தி பாத்தியாக வாரியதை ஒரே அம்பாரமாகக் குவிப்பது உப்பளத்துப் பழக்கம். அந்தத் தவக்காலத்தில், ஆண்டவர் கண்ணில் படட்டும் என்று, அதே பழக்கத்தில் இரண்டையும் கலந்து பீடத்தின் முன்னால் தினமும் குவித்துக்கொண்டே வந்தாள். பெரிய வெள்ளிக்கு மறுநாள் அம்பாரம் இல்லை; வெள்ளையும் பழுப்பும் சேர்ந்தே போயிருந்தன. அந்த மாதமே ஷாலினிக்கு நாள் தள்ளியது.

வசந்தா வீட்டில் முதலில் சர்க்கரை கரைந்தது. ஆனியில் சோப்பு, ஆடியில் பிளாஸ்டிக் குடம், ஆவணியில் அம்மி. ஐப்பசியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, போன மாதத்தைவிடக் குழந்தை சிறுத்திருக்கிறது, மிஷின் கோளாறாக இருக்கும் என்றார். லூர்துமேரி மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வயிறு இளைப்பது நிற்கவில்லை. எங்கே படுத்தாலும் அது வசந்தா வீட்டுப் பிள்ளைதான். கேட்டதைத் திருப்பித் தரச் சொல்லி ஒன்பது நாள் நவநாள் வைத்தாள். ஒன்பது நாளும் உப்புதான் கிடந்தது.

பத்தாம் நாள் போய் வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வசந்தா வாசலில் அம்மி இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"வரப்ப வெட்டுனவ நான். அந்தக் கொழந்த இன்னும் மம்முட்டியே புடிக்கல. உங்க சாமி முன்னாடி எப்படி உக்கார்றதுன்னு காட்டு, மேரி."

அதுவரை கோயிலுக்குள் கால் வைக்காதவள், பாத்தி மிதிக்கிறவள்போல அழுந்த முழங்கால் போட்டு, கரைவது என்னோடு நிற்கட்டும் என்று ஒரே தடவை கேட்டாள்.

மறுநாள் லூர்துமேரியின் இடத்தில் வழக்கம்போல ஒரு கை உப்பு. வசந்தாவின் இடத்தில் தரை சுத்தமாக இருந்தது. லூர்துமேரி துடைப்பத்தோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த ஸ்கேனில் குழந்தை சரியான எடையில் இருந்தது. வசந்தா நடக்கும் இடமெல்லாம் ஈரமாயிற்று.

மார்கழியில் பேத்தி பிறந்தாள், மூன்று கிலோ. தூக்கிப் பார்க்க வசந்தாவுக்கு அப்போது ஒரு கை மீதம் இருந்தது.