வேலியில் இரண்டு முகங்கள்

1

இந்தக் கதை ஒரு கடைவாய்ப் பல்லில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இங்கே நியூசிலாந்தில், ஹென்டர்சனில், பல் டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு, மரத்துப்போகும்வரை வெளியே இருங்கள் என்றார். கையில் அகப்பட்டது ஒரு பழைய அமெரிக்கப் பத்திரிகை. மக்களுக்குப் பிடித்த ஆளுநர் இருக்கிற மாநிலத்துக்குக் குடும்பங்கள் போய்ச் சேருகின்றன, பிடிக்காதவர் ஆளுகிற மாநிலத்திலிருந்து மூட்டை கட்டுகின்றன என்று அதில் ஒருவர் நீட்டி எழுதியிருந்தார். பக்கத்தில் ஒரு வரைபடம், அதன்மேல் அம்புக்குறிகள்.

வெளியே ஆகஸ்ட் மழை. பாதி முகம் என்னுடையதாக இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தபோது அம்புகள் நகர ஆரம்பித்தன. தலையணையும் ரைஸ்குக்கரும் பிள்ளைகளுமாக ஜனங்கள் ஒரு சிரித்த முகத்தை நோக்கிச் சத்தமில்லாமல் சரிந்துகொண்டிருந்தார்கள், சாய்ந்த தட்டில் எலுமிச்சம்பழங்கள் உருளுவது போல. ஒருத்தி மட்டும் நின்றாள். திரும்பி எங்கள் திசையில் பார்த்தாள். அதற்குள் நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டாள்.

அந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

(நியூசிலாந்தில் மாநிலமே இல்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். ராணியின் பெயரில் ஓர் ஆளுநர் இருக்கிறார். அவருக்கு யாரும் வோட்டுப் போடுவதில்லை, அவருக்காக யாரும் வீடு மாறுவதும் இல்லை. நான் பிறந்த பினாங்கிலும் அதே கதைதான். ஆகவே இந்தக் கதையில் ஆளுநர் என்றால் ஆளுகிறவர், அவ்வளவுதான்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டுத் தேர்தலுக்கு முந்திய வாரத்தில், ரானுயியின் ஈரமான தெரு ஒன்றில், செல்வநாயகி என்ற பெண்ணின் விதி

அடித்துவிட்டேன். விதி என்று எழுதினால் எழுதுகிறவளுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது முயற்சி:

பிரிஸ்பேனிலிருந்து அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

இது பரவாயில்லை. செல்வநாயகி* என்னோடு ஹென்டர்சனில் பிஸ்கட் பெட்டி அடுக்குகிறவள். யாழ்ப்பாணத்துக்காரி. கணவர் கதிர்காமநாதன், இரண்டு பிள்ளைகள், ரானுயியில் வாடகை வீடு. கிளென் ஈடனிலிருந்து வருகிற நான் வேலை முடிந்ததும் அவளை என் காரில் இறக்கிவிட்டுத்தான் வீடு திரும்புவேன். கூடப் பிறந்தவர்களில் மிச்சம் இருப்பது குலசிங்கம் என்ற அந்த ஒரே அண்ணன். பெண்சாதி தவறிப்போய்த் தனியாக இருக்கிறார். அவருக்குப் பக்கத்து வீடு காலியாகிறதாம். வருகிறீர்களா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடும்போது சொல்லியாக வேண்டும். கதிர்காமநாதன் மனசளவில் எப்போதோ விமானம் ஏறிவிட்டார்.

"இஞ்சை இந்த மாநிலத்தை இருவது வருசமா ஒரே ஆள்தான் பிள்ளை ஆளுறார்," என்று குலசிங்கம் சொன்னாராம். "சனம் அவரைத் தலையிலை தூக்கி வைச்சிருக்கு. ஆட்டம் அசைவு கிடையாது. உங்கை பார், எல்லாரும் கவண்மென்ரைத் திட்டுகினம். அப்பிடியான இடத்திலை ஆரும் காலூண்டுவினமே?"

அந்தப் பத்திரிகைக் கட்டுரை இவரைப் பார்த்தே எழுதப்பட்டது போலிருந்தது.

* பெயரை மாற்றியிருக்கிறேன். உண்மைப் பெயரைப் போட்டால் நாளைக்கு என் காரில் ஏறமாட்டாள்.

3

அந்த வாரம் ரானுயி முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. வேலிக்கு வேலி தேர்தல் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஆளுயரத்துக்கு ஒரு முகம். மழையில் நனைந்தும் அவர்கள் சிரிப்பதை நிறுத்தவில்லை. வைப்பர் ஒருமுறை துடைத்தால் ஒரு முகம், அடுத்த முறை வேறொரு முகம். வீடு போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணமே எங்கள் இரண்டு பேருக்கும் இல்லாததுபோல மெதுவாக ஓட்டினேன்.

அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் செல்வநாயகி இறங்கவில்லை. அவள் வீட்டு வேலியில் ஆளுகிற லேபர் கட்சியின் பலகை ஒன்று. அதோடு தோள் உரசிக்கொண்டு எதிர்க்கட்சியான நேஷனல் கட்சியின் பலகை. இரண்டு முகங்களும் எங்களைப் பார்த்துச் சிரித்தன.

கதிர்காமநாதன் குடையோடு ஓடிவந்தார்.

"இதென்னப்பா இது?" என்றாள்.

"ஒருத்தர் வந்து வேலியிலை போர்டு வைக்கலாமோ எண்டு கேட்டார். ஓம் எண்டனான். பேந்து ஒரு மனுசி வந்து கேட்டா."

"அவவுக்கும் ஓமெண்டனியளே?"

"ஒராளுக்கு ஓமெண்டிட்டு மற்றாளுக்கு இல்லையெண்டால் பேந்து என்ன நடக்குமெண்டு உமக்குத் தெரியாதே?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். வாசல் படலைக்கு வந்து கேட்கிறவனுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது என்பதை அவர் ஊரில் எங்கேயோ, எதையோ கொடுத்துத்தான் கற்றிருக்கிறார். ரானுயியில் யாரும் அந்தப் பாடத்தை அவரிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

"இப்ப ரெண்டு பகுதியும் சண்டைக்கு வரப்போகுது," என்றாள் செல்வநாயகி. "சீதாக்கா, நீங்கள் போங்கோ."

4

இந்த இடத்தில் என் புருஷன் மோகனதாஸ் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார்.

"ரெண்டு பலகைக்கு இவ்வளவு பயமா? யாரு நம்புவா?"

"நடந்ததுங்க."

"நடந்ததெல்லாம் நம்புற மாதிரியா இருக்கு? நீ கதை எழுதுறியா, அந்தப் பொண்ணுக்கு வீடு பாக்குறியா?"

கேள்வி நியாயம்தான். பாத்திரத்தின் மேல் எனக்கும் சந்தேகம் வந்தது. அண்ணன் கூப்பிடுகிறார், கணவர் தயார், ஊரே புகழும் தலைவர் ஆளுகிற இடம். ஏன் தயங்குகிறாள்? மறுநாள் பெட்டி அடுக்கும்போது கேட்டேவிட்டேன்.

அவள் கை வேலையை நிறுத்தவில்லை. "எழுவத்தேழிலை நாங்கள் கண்டியிலை இருந்தனாங்கள். தெருவிலை எல்லாரும் ஒரு ஆளுக்குத்தான் வோட்டுப் போட்டவை. அப்பாவும் போட்டவர். அந்தாள் வெண்டாப்போலை வெடி கொளுத்திச்சினம். அப்பாவும் வாங்கிக் கொளுத்தினவர். அடுத்த மாசம் தமிழரை அடிச்சினம், அதே தெருவிலை எங்கடை வீடு எரிஞ்சுது." அடுத்த பெட்டியை எடுத்துக்கொண்டே, "சனம் ஒராளைத் தலையிலை தூக்கி வைச்சால் எனக்கு நித்திரை வராது, சீதாக்கா. எல்லாரும் திட்டுற ஆள் எண்டால் நித்திரை வரும்," என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. பிஸ்கட் தூள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

(கட்டுரை எழுதிய அமெரிக்கருக்கு: ஐயா, உங்கள் வரைபடத்தில் அம்பு எங்கே போகிறது என்று இருக்கிறது. தலைவரைப் பிடித்தவர்கள் எத்தனை பேர் என்றும் இருக்கிறது. அந்தத் தலைவரைப் பிடித்த பக்கத்து வீட்டுக்காரன் என்ன செய்வான் என்பதற்கு ஓர் அடையாளம் போட்டிருக்கலாம்.)

5

வியாழக்கிழமை இரண்டு பகுதியும் வந்தது.

முந்தைய நாள் காற்றில் லேபர் பலகை ஆட்டம் கண்டிருந்தது. அதைச் சரிசெய்ய அந்த மனிதர் சுத்தியலோடு வந்தார். அதே நேரத்தில் நேஷனல் கட்சி அம்மாளும் தன் பலகையைப் பார்க்க வந்தார். செல்வநாயகிக்கு அன்று லீவு. பிள்ளைகளைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டு, பாஸ்போர்ட்டுகள் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள்.

இந்த இடத்தை முதலில் நான் இப்படி எழுதினேன்:

அந்த மனிதர் சுத்தியலை ஓங்கினார். அந்த அம்மாள் பின்வாங்கி

கதைக்கு நல்ல சூடு கிடைத்திருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லையே. அந்த அம்மாள் இரண்டு பலகைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த மனிதரும் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த மனிதர் பலகையை நிமிர்த்திப் பிடிக்க, அந்த அம்மாள் ஆணி அடித்துக் கொடுத்தார். செல்வநாயகிக்குத் தான் பார்ப்பது கனவோ என்றிருந்ததாம்.

பிறகு கதவைத் தட்டினார்கள். கதிர்காமநாதன் திறந்தார். எந்தப் பலகையை வைத்துக்கொள்ள விருப்பம் என்று அந்த அம்மாள் மரியாதையாகக் கேட்டார். கதிர்காமநாதன் வாயில் ஓம் தவிர வேறு சொல் வரவில்லை. இந்தக் கேள்விக்கு ஓம் பதிலும் இல்லை.

செல்வநாயகி பையோடு வெளியே வந்தாள். பிள்ளைகளிடமிருந்து பொறுக்கிய இங்கிலீஷில், இரண்டும் வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். சொல்லிவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

தாராளமாக, தொந்தரவுக்கு மன்னியுங்கள் என்றார்கள் இரண்டு பேரும். பலகைகளைக் கழற்றி, ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவள் காத்திருந்தாள். மத்தியானம் முழுக்க முன் ஜன்னலிலேயே இருந்தாள். பால்காரன் வந்தான். பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டினார். மழை வந்து போனது. மறுநாள் பெட்டி அடுக்குவதை விட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்.

"வேண்டாமெண்டனான், சீதாக்கா. ஒண்டும் நடக்கேல்லை. எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டிருந்தனான் தெரியுமே? ஒண்டுமே நடக்கேல்லை."

6

இத்தனையும் கையில் கிடைத்த பிறகு முடிவு தானாக வந்து விழும் என்று நினைத்தேன். ஒன்றுக்கு இரண்டாக விழுந்தது.

முடிவு அ: ஒன்றும் நடக்காத தெருவை விட்டு அவள் போகமாட்டாள். அண்ணனிடம் அழுதுகொண்டே இல்லை என்கிறாள். (மோகனதாஸின் ஓட்டு இதற்கு.)

முடிவு ஆ: வேண்டாம் என்று சொல்லப் பழகியவள் எங்கேயும் வாழலாம். தனியாகச் சோறு தின்னும் அண்ணனை நினைத்து மூட்டை கட்டுகிறாள். (இதை எழுதியபோது எனக்கே அவளைப் பிரிய மனமில்லாமல் கோபம் வந்தது.)

தேர்தல் நாளான சனிக்கிழமை அவளை வோட்டுச் சாவடிக்குக் கூட்டிப்போனேன். வோட்டுப் போட்டுவிட்டு வந்து காருக்குள் உட்கார்ந்தோம். கண்ணாடிகள் மூச்சுக்காற்றில் மங்கி, தெருவும் பள்ளிக்கூடமும் கரைந்துபோயிருந்தன. தாள்களை அவளிடம் கொடுத்தேன். கடைசிவரை வாசித்தாள்.

"வடிவா எழுதியிருக்கிறியள்," என்றாள். "இந்த ரெண்டு முடிவையும் வெட்டுங்கோ."

"ஏன் செல்வி? மூணாவது ஒண்ணு இருக்கா?"

"கண்டியிலையிருந்து எழும்பிப் போகச் சொன்னதும் அவை. எம்பத்துமூண்டிலை கொழும்பிலையிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கப்பலிலை ஏத்தினதும் அவை. இஞ்சை விசா தந்தபடியால் இஞ்சை வந்தனாங்கள். எங்கை இருக்கப்போறாய் எண்டு ஒருத்தரும் என்னை ஒருக்காலும் கேக்கேல்லை. முதன்முதலா எனக்கு ஒரு நாள் வந்திருக்கு, நாளைக்கு. அதுக்குள்ளை நீங்களும் பேனையைத் தூக்கிக்கொண்டு வாறியள்."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. அவளுடைய பயத்தை வாங்கிக்கொண்டேன், அப்பா கொளுத்திய வெடியை வாங்கிக்கொண்டேன், கடைசியில் அவள் குடியிருக்கிற இடத்தையும் நானே ஒதுக்கிக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். வோட்டு வாங்காத ஆளுநர் நான்.

"சரி. அண்ணன்கிட்ட என்னதான் சொல்லப்போறே?" என்று அப்போதும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

தாள்களை மடித்து என் மடியில் வைத்தாள். "அது எனக்கும் அண்ணாவுக்கும், சீதாக்கா. காரை எடுங்கோ, பிள்ளையள் தேடுவினம்."

7

இன்று ஞாயிற்றுக்கிழமை. யார் ஜெயித்தார் என்று ரேடியோ சொல்லிவிட்டது. அதே ஆட்கள்தான், இந்த நாட்டில் பாதிப்பேர் இப்போதே திட்ட ஆரம்பித்திருப்பார்கள்.

அடித்த இரண்டு முடிவுகளும் கோட்டுக்கடியில் தெரியும்படிதான் அடித்திருக்கிறேன். உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் கையில் கொடுத்துவிடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் நீங்கள் மட்டும் யார்? உங்களை அவள் பார்த்ததுகூட இல்லை.

ரானுயியில் தொலைபேசி அடிக்கிறது. இவ்வளவுதான் எழுத எனக்கு உரிமை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வருகிறாள். கணவர் ஒதுங்கி வழி விடுகிறார். ரிசீவரை எடுத்து, "அண்ணா," என்கிறாள்.

அடுத்த சொல்லை அவள்தான் சொல்ல வேண்டும். எழுந்திருங்கள், நீங்களும்தான். அடுத்தவர் வீட்டில் நமக்கு என்ன வேலை? கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வாருங்கள்.